தரப்புள்ளியும் களமும்: பேஸ்போல், கிரிக்கெட் கணினி விளையாட்டுகள் பற்றிய ஒரு திறனாய்வு நோக்கு

இலக்கியமே திறனாய்வுக்குரிய தனிப்பொருள் எனக் கருதிய காலம் கடந்துவிட்டது. கூத்தும் நாடகமும் திரைப்படமும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறனாய்வின் எல்லைக்குள் வந்து சேர்ந்தன. ஆயினும், இன்றைய இளைஞரின் ஓய்வு நேரத்தின் பெரும்பகுதியைத் தனதாக்கிக் கொண்டுள்ள கணினி விளையாட்டு இன்னும் அவ்வெல்லைக்கு வெளியிலேயே நிற்கின்றது. அதனை உள்ளே அழைப்பதற்குப் பொழுதுபோக்கு என்ற காரணத்தினும் வலுவான காரணம் ஒன்றுண்டு. விளையாட்டுத்துறையைப் பொருளாகக் கொண்ட கணினி விளையாட்டு, தானே ஒரு திறனாய்வுச் செயலாகும். உயிரோடிருக்கும் மனிதரை அது அளந்து, எடைபோட்டு, தரவரிசையில் நிறுத்துகின்றது. ஒரு கவிஞருக்கு நூற்றுக்கு 83 எனப் புள்ளியிடும் திறனாய்வாளரை நாம் நகைப்போம். ஓர் ஆட்டக்காரருக்கு அவ்வாறே புள்ளியிடும் விளையாட்டை எவ்வித வினாவுமின்றி ஏற்றுக்கொள்கின்றோம். இந்த ஏற்பினை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்தகைய விளையாட்டுகள் இரு கருவிகளைக் கொண்டு இயங்குகின்றன. ஒன்று, ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் இடப்படும் தரப்புள்ளி. மற்றையது, ‘ஸ்லைடர்’ எனப் பொதுவாக வழங்கும் நகர்த்துகோல். திரையிலே ஒரு கோட்டின் மீது இடமும் வலமுமாக இழுக்கத்தக்க இக்குறி, பந்தின் வேகம், களத்தடுப்பாளரின் தவறுகள், காற்றின் வலிமை முதலியவற்றைக் கூட்டவோ குறைக்கவோ விளையாடுபவருக்கு இடமளிக்கின்றது. தரப்புள்ளி ஆளைப் பற்றியது. நகர்த்துகோல் ஆளைச் சூழ்ந்த உலகைப் பற்றியது. இவ்விரண்டும் மிக விரிவாக வளர்ந்த இடம் அமெரிக்க பேஸ்போல் விளையாட்டு ஆதலின், அதிலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். எல்லே ஆட்டத்தை அறிந்த எமக்கு அது முற்றிலும் அந்நியமானதன்று. எறிபவர் ஒருவர், தடியால் அடிப்பவர் ஒருவர், அடித்தபின் சுற்றிவர வேண்டிய தளங்கள் சில என்பதே அதன் அடிப்படை அமைப்பு.

பேஸ்போல் எண்களின் ஆட்டமாக வளர்ந்தமைக்குக் கிரிக்கெட்டும் ஒரு காரணம் என்பது பலர் அறியாத செய்தி. பேஸ்போலின் ஆட்டக் குறிப்பட்டவணையை வடிவமைத்து அதனைப் பரப்பிய ஹென்றி சாட்விக், 1824இல் இங்கிலாந்திலே பிறந்து நியூயோர்க் பகுதியில் கிரிக்கெட் செய்தியாளராகப் பணியாற்றியவர். கிரிக்கெட் புள்ளியேட்டின் பழக்கமே அவர் வழியாக பேஸ்போலினுள் புகுந்தது. அவ்வெண்களை மீண்டும் ஆட்டமாக மாற்றும் முயற்சி கணினிக்கு முன்னரே தொடங்கிவிட்டது. 1961இல் ஹால் றிச்மன் வெளியிட்ட ‘ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்’ என்னும் மேசை விளையாட்டில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் ஓர் அட்டை உண்டு. மூன்று தாயக்கட்டைகளை உருட்ட, அவற்றுள் ஒன்று 1, 2, 3 எனக் காட்டினால் விடை அடிப்பவரின் அட்டையிலும், 4, 5, 6 எனக் காட்டினால் எறிபவரின் அட்டையிலும் தேடப்படும். ஓர் அடியின் முடிவு பாதி அடிப்பவரிலும் பாதி எறிபவரிலும் தங்கியுள்ளது என்னும் கொள்கை அவ்வெளிய அமைப்பினுள் அடங்கியிருந்தது. எந்த விளையாட்டும் தான் சித்திரிக்கும் ஆட்டத்தைப் பற்றி ஒரு கொள்கையை உடையது என்பதற்கு இது தக்க சான்று.

2006 முதல் ஆண்டுதோறும் வெளிவரும் ‘எம்.எல்.பி. த ஷோ’ தொடரில் அக்கொள்கை பன்மடங்கு விரிந்துள்ளது. அடிப்பவருக்கு வலக்கை எறிவாளருக்கு எதிராக ஒன்றும் இடக்கை எறிவாளருக்கு எதிராக ஒன்றுமாகத் தொடுதிறன், வலிமை ஆகியவற்றின் புள்ளிகள் தனித்தனியே இடப்படுகின்றன. பந்தைக் கணிக்கும் பார்வைக்கும் நெருக்கடியான தருணத்தில் காட்டும் உறுதிக்கும் வேறு புள்ளிகள் உண்டு. எறிபவருக்கோ வேகம், கட்டுப்பாடு, பந்தின் வளைவு, களைப்புத் தாங்கும் ஆற்றல் எனப் பட்டியல் நீள்கின்றது. இவையெல்லாம் திரட்டப்பட்டு இறுதியில் ஒரே மொத்தப் புள்ளியாக ஆட்டக்காரரின் பெயரருகே நிற்கின்றன. நகர்த்துகோல்களும் பல. அடியின் வலிமை, நேரக்கணிப்பு, எறிவாளரின் கட்டுப்பாடு, வீசப்படும் பந்தின் வேகம், களத்தவறுகள் முதலிய ஒவ்வொன்றுக்கும் ஒரு கோல் உண்டு. அவற்றுட் பல விளையாடுபவருக்கு வேறாகவும் கணினிக்கு வேறாகவும் அமைக்கப்பட்டுள்ளன. ஒரே தரப்புள்ளியுடைய இருவர் எந்தப் பக்கத்தில் நிற்கின்றனர் என்பதைப் பொறுத்து வேறுபட்ட ஆற்றலுடையவராகலாம் என்பதை இவ்வமைப்பு ஒப்புக்கொள்கின்றது.

இங்கேதான் திறனாய்வாளர் எழுப்ப வேண்டிய முதல் வினா பிறக்கின்றது. தரப்புள்ளி ஆட்டக்காரரின் உடைமையா? எறிவாளர் கட்டுப்பாட்டுக்குரிய கோலை அதன் உச்சத்துக்கு நகர்த்தினால், 90 புள்ளி பெற்றவரும் 50 புள்ளி பெற்றவரும் ஏறத்தாழ ஒரே இடத்தில் பந்தை எறிவர். அவர்களின் புள்ளிகள் திரையில் மாறாதிருக்கும். அவற்றின் பொருளோ மறைந்துவிடும். பந்தின் வேகத்தைக் குறைத்தால், விரைந்து வரும் பந்தைக் கணிக்கும் அரிய பார்வையுடையவர் தம் சிறப்பை இழப்பார். எனவே உலகைப் பற்றிய கோல் நகரும் ஒவ்வொரு தடவையும் ஆளைப் பற்றிய எண் வேறொரு பொருளைப் பெறுகின்றது.

கணினிக்கு வெளியே நிகழ்ந்த வரலாறும் இதனையே உறுதிப்படுத்துகின்றது. 1968ஆம் ஆண்டு அமெரிக்க பேஸ்போலில் எறிவாளரின் கை மிகவும் ஓங்கியிருந்தது. பொப் கிப்சன் ஒன்பது சுற்றுகளுக்குச் சராசரியாக 1.12 ஓட்டங்களையே விட்டுக்கொடுத்தார். இரு லீக்குகளினதும் மொத்த அடிச் சராசரி 0.237 ஆக வீழ்ந்தது. அடுத்த ஆண்டு ஆட்ட நிர்வாகம் எறிவாளர் நிற்கும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்து, பந்து எறியப்பட வேண்டிய எல்லையையும் சுருக்கியது. ஓர் அணி ஓர் ஆட்டத்திற் பெறும் ஓட்டங்களின் சராசரி 3.42இலிருந்து 4.07 ஆக உயர்ந்தது. ஓராண்டுக்குள் அடிப்பவர் அனைவரும் திறமை மிக்கவராகிவிடவில்லை. நிர்வாகம் ஒரு நகர்த்துகோலை இழுத்தது. அவ்வாறே 1995இல் திறக்கப்பட்ட டென்வர் நகரின் கூர்ஸ் மைதானம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீற்றர் உயரத்திலுள்ளது. அங்கு காற்றின் அடர்த்தி குறைவாதலின் அடிக்கப்பட்ட பந்து நெடுந்தூரம் பறக்கும். 2002இல் பந்துகளை ஈரப்பதன் கட்டுப்படுத்தப்பட்ட அறையில் வைக்கத் தொடங்கிய பின்னரே அங்கு ஓட்டங்கள் ஓரளவு கட்டுக்குள் வந்தன. அங்கு ஆடியவரின் சராசரியிற் பாதி மலைக்குச் சொந்தமா, மனிதருக்குச் சொந்தமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

தமிழிலக்கியம் கற்போருக்கு இக்கருத்து புதியதன்று. தொல்காப்பியர் அகப்பொருளை முதல், கரு, உரி என வகுத்தார். நிலமும் பொழுதுமாகிய முதற்பொருளை ஒதுக்கிவிட்டு உரிப்பொருளை மட்டும் தனியே எடுத்து மதிப்பிடின், பாடலின் சுவை குன்றும். பிரிவின் துயர் பாலைக்கு உரியது; அதன் வெம்மையில் ஒரு பங்கு நிலத்தினுடையது. தரப்புள்ளி என்பது நிலமும் பொழுதும் நீக்கப்பட்ட உரிப்பொருள் போன்றது. நீக்கப்பட்டவற்றை நகர்த்துகோல் என்ற வேறொரு பெயரில் விளையாட்டு தனியறையில் வைத்திருக்கின்றது. இப்பிரிப்பு கணக்கிடுவதற்கு வசதியானது. மனிதரைப் பற்றிய உண்மையாக அதனைக் கொள்ளுதல் தவறு.

இலங்கைக் கிரிக்கெட்டின் வரலாறு இதற்கு இரு சிறந்த சான்றுகளைத் தருகின்றது. 1996ஆம் ஆண்டின் உலகக் கிண்ணத்துக்கு முன்னர் சனத் ஜயசூரியவுக்கு அவரது ஒருநாட் போட்டிச் சராசரியைக் கொண்டு புள்ளியிட்டிருந்தால், அது மிக உயர்ந்ததாக இருந்திராது. அத்தொடரில் முதல் 15 ஓவர்களுக்கு உள்வட்டத்துக்கு வெளியே இரு களத்தடுப்பாளரே நிற்கலாம் என்ற விதி இருந்தது. அவ்விதியின் பொருளை அவரும் அவரது அணியும் மற்றையோரினும் ஆழமாக உணர்ந்து செயற்பட்டனர். கால் இறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 44 பந்துகளில் 82 ஓட்டங்களைப் பெற்ற ஜயசூரிய, தொடரின் சிறந்த ஆட்டக்காரராகத் தெரிவானார். அவரது திறனும் அவ்விதியும் சந்தித்த இடத்திலேயே அச்சாதனை பிறந்தது. அதில் எத்தனை வீதம் அவருடையது எனப் பிரித்துக் கூறும் தராசு எவரிடமும் இல்லை. மற்றைய சான்று முத்தையா முரளிதரன். 1995 டிசம்பர் 26இல் மெல்பேர்ணில் அவரது பந்துவீச்சு முறையற்றது என நடுவரால் அறிவிக்கப்பட்டது. பின்னர் ஆய்வுகூட அளவீடுகள், முழங்கையின் நீட்சி எந்த அளவுக்கு மேற்பட்டால் குற்றமாகும் என்ற வினாவையே மாற்றியமைத்தன. 2005இல் 15 பாகை என்ற எல்லை எல்லாப் பந்துவீச்சாளருக்கும் பொதுவாக்கப்பட்டது. 2010இல் 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளுடன் அவர் டெஸ்ட் அரங்கிலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வெல்லைக் கோல் வேறிடத்தில் நின்றிருப்பின் அந்த 800 என்ற எண்ணே இருந்திருக்குமா என்பது ஐயம்.

இனி, நகர்த்துகோலைக் கையாளும் விளையாடுநரின் பழக்கத்தை நோக்குவோம். ஐந்து ஆட்டங்கள் ஆடியபின், ‘அடிகள் மிகுதியாக விழுகின்றன, இது இயல்புக்கு மாறானது’ எனக் கருதி ஒரு கோலைக் குறைப்போர் பலர். இங்கே எளிய புள்ளிவிபரவியல் உதவுகின்றது. 0.300 சராசரியுடைய ஒருவர் ஐந்து ஆட்டங்களில் ஏறத்தாழ 20 தடவை அடிக்க வருவார். எதிர்பார்ப்பு 6 வெற்றியடிகள். ஆனால் தற்செயலின் காரணமாக மட்டுமே அது 4 ஆகவோ 8 ஆகவோ இருத்தல் மிக இயல்பானது. 500 தடவைகள் கொண்ட ஒரு முழுப் பருவத்திற்கூட 0.280 முதல் 0.320 வரையிலான வேறுபாடு வியப்புக்குரியதன்று. எனவே ஐந்து ஆட்டங்களைக் கண்டு உலகைத் திருத்துபவர், பெரும்பாலும் தற்செயலையே திருத்துகின்றார். அவர் திருத்திய உலகில் அடுத்த ஐந்து ஆட்டங்கள் மறுபுறம் சாய, மீண்டும் திருத்துவார். இயல்புத்தன்மையை நாடித் தொடங்கிய முயற்சி, விரும்பிய முடிவு வரும்வரை விதியை மாற்றும் முயற்சியாக முடிவதும் உண்டு.

மேலும், இயல்புத்தன்மை என்பதைச் சராசரியோடு ஒன்றாகக் கருதுவதும் ஒரு மயக்கமே. 2007 மார்ச் 28இல் கயானாவில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் தென்னாபிரிக்காவின் வெற்றிக்குச் சில ஓட்டங்களே தேவைப்பட்ட வேளையில், லசித் மாலிங்க அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நான்கு விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆயினும் தென்னாபிரிக்கா ஒரு விக்கெட்டினால் வென்றது. கணினி விளையாட்டொன்றில் இது நிகழ்ந்திருப்பின், நகர்த்துகோலில் ஏதோ பிழை என்றே பலர் முடிவு கட்டியிருப்பர். உண்மையான ஆட்டத்தில் நிகழ்ந்தமையால் அது வரலாறாயிற்று. சராசரிகள் யாவும் சரியாக அமைந்தும் இத்தகைய ஒரு பிற்பகலுக்கு இடமளிக்காத விளையாட்டு, புள்ளியேட்டைப் போலச் செய்கின்றதேயன்றி ஆட்டத்தைப் போலச் செய்யவில்லை.

இதனினும் பாரதூரமான குறை வேறொன்றுண்டு. தரப்புள்ளி பதிவிலிருந்து பிறப்பதால், பதிவு இல்லாதவருக்குப் புள்ளியும் இல்லை. புல்மோட்டைக் கடற்கரையின் கனிய மணலை இதற்கு உவமையாகக் கூறலாம். அங்கு இல்மனைற்று, றூட்டைல், சேர்க்கோன் என்பன ஒரே மணலிற் கலந்துள்ளன. காந்தத்தின் முன் செலுத்தும்போது இல்மனைற்று ஈர்க்கப்பட்டுப் பிரிகின்றது. றூட்டைலும் சேர்க்கோனும் காந்தத்துக்குப் பணிவதில்லை. அவற்றைப் பிரிக்க மின்கடத்தும் இயல்பை அடிப்படையாகக் கொண்ட வேறொரு பொறி தேவை. முதற்பொறி மட்டுமே உள்ள ஆலையில் சேர்க்கோன் வெறுங் கழிவாகவே தோன்றும். அளக்கும் கருவிக்குப் பணியாத காரணத்தால் ஒரு பொருள் பெறுமதியற்றதாகிவிடுவதில்லை.

அமெரிக்காவிலே கறுப்பின ஆட்டக்காரருக்கு நேர்ந்தது இதுவே. 1947இல் ஜக்கி றொபின்சன் புறூக்ளின் அணிக்காக ஆடும்வரை, நவீன காலப் பெரு லீக்குகளில் அவர்களுக்கு இடமிருக்கவில்லை. அவர்கள் ஆடிய நீக்ரோ லீக்குகளின் பதிவுகள் சிதறியும் குறைபட்டும் கிடந்தன. பெரும் அடிப்பாளரான ஜொஷ் கிப்சன், றொபின்சன் களமிறங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே காலமானார். பல ஆய்வாளர் பழைய செய்தித்தாள்களைத் துருவித் திரட்டிய தரவுகள் 2024இல் அதிகாரபூர்வப் பதிவேட்டில் இணைக்கப்பட்டபோது, 0.372 என்ற வாழ்நாட் சராசரியுடன் கிப்சன் முதலிடத்துக்கு உயர்ந்தார். ‘த ஷோ’ தொடர் 2023ஆம் ஆண்டுப் பதிப்பில் சாச்சல் பேஜ் முதலிய நீக்ரோ லீக் ஆட்டக்காரர்களைத் தனிப் பகுதியாகச் சேர்த்தமை பாராட்டத்தக்கது. அங்கு எண்களோடு அவர்களின் கதையும் சொல்லப்படுகின்றது. எண் போதாத இடத்தில் கதை வேண்டும் என்பதை அத்தொடர் அறிந்தோ அறியாமலோ ஒப்புக்கொண்ட இடம் அது.

எமது நிலைமையும் இதனின்று பெரிதும் வேறானதன்று. 2006இன் இறுதியில் வெளியாகி இலங்கை இளைஞர் பலரால் விரும்பி ஆடப்பட்ட ‘கிரிக்கெட் 07’ விளையாட்டில், உரிமம் பெறப்படாத அணிகளின் ஆட்டக்காரர் திரிந்த பெயர்களுடனேயே தோன்றினர். இலங்கை அணியும் அவற்றுள் ஒன்று. பெயர்களையும் புள்ளிகளையும் தாமே திருத்திக்கொண்டவர்கள் ரசிகர்களே. அத்திருத்தம் ஒருவகையில் மக்கள் செய்த திறனாய்வாகும். பின்னர், ‘டொன் பிரட்மன் கிரிக்கெட் 14’ ஆட்டக்காரரை உருவாக்கிப் பிறரோடு பகிரும் வாய்ப்பை விளையாட்டினுள்ளேயே அமைத்துத் தந்தது. எனினும் அடிப்படை வினா எஞ்சியிருக்கின்றது. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 டிசம்பரில் லங்கா பிரிமியர் லீக்கிலும், 2024 மே மாதத்தில் இந்தியன் பிரிமியர் லீக்கில் ஹைதராபாத் அணிக்காகவும் ஆடினார். தரவின் வழியே மட்டும் தேடுபவருக்கு 2020க்கு முன்னர் அவர் அரிதாகவே தென்பட்டிருப்பார். புல்மோட்டையின் மணற்றரையில், பந்து எழும்பாத களத்தில் மென்பந்து ஆடிப் பழகிய இளைஞரின் மணிக்கட்டு விரைவை எந்தப் பட்டியல் பதிந்துள்ளது? அவரை ஒருவர் விளையாட்டினுள் உருவாக்க முனைந்தால், கணினி முன்கூட்டியே இட்டுவைத்த நடுத்தரப் புள்ளிகளே அவரை வரவேற்கும்.

இந்நிலையில், மார்க்குஸ் ஹைன்ஸோன் என்ற ஜெர்மானியர் தொடக்கிய ‘அவுட் ஒஃப் த பார்க் பேஸ்போல்’ தொடர் சிறப்பான கவனத்துக்குரியது. அணியை நிர்வகிக்கும் விளையாட்டாகிய அதில், நாம் காணும் தரப்புள்ளி அணியின் தேர்வாளர் ஒருவரின் கணிப்பாகவே தரப்படுகின்றது. அது பிழையாகவும் இருக்கலாம். தரப்புள்ளிகளை முற்றாக மறைத்துவிட்டு, களத்தில் நிகழ்ந்தவற்றை மட்டும் கொண்டு முடிவெடுக்கவும் இயலும். லீக்கின் ஓட்ட அளவை 1968ஐப் போன்றோ வேறோர் ஆண்டைப் போன்றோ அமைத்து, அதே ஆட்டக்காரர் வேறொரு காலத்தில் எவ்வாறு தோன்றுவார் எனச் சோதிக்கவும் முடியும். புள்ளி ஒரு கருத்து என்பதையும் களம் மாறினால் அதன் பொருளும் மாறும் என்பதையும் விளையாடுபவர் தம் அனுபவத்தாலேயே கற்றுக்கொள்கின்றார். கண்கவர் காட்சியிலே ‘த ஷோ’வுக்குப் பின்தங்கிய இவ்விளையாட்டு, சிந்தனைத் தெளிவில் அதனை விஞ்சி நிற்கின்றது.

மறுபுறம், ‘த ஷோ’வின் அட்டை சேகரிப்புப் பிரிவு எதிர்த்திசையிற் செல்கின்றது. அங்கு ஆட்டக்காரர் வெண்கலம், வெள்ளி, பொன், வைரம் எனத் தரம் பிரிக்கப்பட்ட அட்டைகளாக மாறுகின்றனர். அட்டைகளைக் கொண்ட பொதிகளைப் பணம் கொடுத்தும் பெறலாம். இணையவழி எதிராளியுடன் ஆடும்போது தம் விருப்பப்படி நகர்த்துகோல்களை அமைக்க முடியாது. இருவருக்கும் பொதுவான களம் வேண்டும் என்ற நியாயம் அதற்குண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் விளைவு யாது? உலகைக் கேள்வி கேட்கும் கோல் மறைகின்றது. விலையிடப்பட்ட எண் மட்டும் எஞ்சுகின்றது. புள்ளி எவ்வாறு பிறந்தது என வினவும் உரிமையை இழந்த விளையாடுநர், உயர்ந்த புள்ளியை வாங்குபவராகக் குறுகிவிடுகின்றார்.

இவையெல்லாம் வெறும் விளையாட்டுத்தானே எனச் சிலர் கூறக்கூடும். பல்கலைக்கழக மாணவராகிய நாம் அவ்வாறு கூறுவதற்கில்லை. க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி, ஒருவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் சராசரியைக் கழித்து நியம விலகலால் வகுத்துப் பெறப்படுவது. பிறர் எவ்வாறு எழுதினர் என்பதைப் பொறுத்தே எமது எண்ணின் பெறுமதி அமைகின்றது. பல பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்குமாக இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. திருகோணமலையும் அம்மாவட்டங்களுள் ஒன்று. இசட் புள்ளி எமது தரப்புள்ளி என்றால், ஒதுக்கீடு எமது நகர்த்துகோல். அக்கோல் எங்கே நிற்க வேண்டும் என்பது பற்றிக் கருத்து வேறுபடலாம். ஆனால் களத்தைக் கணக்கிலெடுக்காத தூய எண் ஒன்று எங்கோ உள்ளது என்றும், கோல் அதனைக் கெடுக்கின்றது என்றும் கருதுவோர், 1968க்கும் 1969க்கும் இடையே எறிவாளரின் மேட்டில் நிகழ்ந்ததை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

தொகுத்து நோக்குமிடத்து, தரப்புள்ளி மனிதருக்கும் களத்துக்கும் இடையே ஒரு காலத்தில் நிலவிய உறவின் சுருக்கம் என்பது தெளிவாகும். அச்சுருக்கம் பயனுடையது, அதனையின்றி விளையாட்டை அமைக்க இயலாது. அது சுருக்கமே என்பதை மறைக்கும் விளையாட்டு குறையுடையது. அதனை வெளிப்படுத்தி, கோலை எம் கையில் தந்து, ‘நீயும் மதிப்பிட்டுப் பார்’ எனக் கூறும் விளையாட்டு சிறந்தது. புதிய விளையாட்டொன்றைத் திறக்கும் நண்பர், முதலில் யாருக்கு எத்தனை புள்ளி என்று தேடுவதே வழக்கம். அதனோடு, யாருடைய பெயர் அங்கு இல்லை என்பதையும், எந்தக் கோல் அசைய மறுக்கின்றது என்பதையும் தேடுவாராயின், அவர் திறனாய்வாளராகிவிட்டார் எனலாம்.